ஒரு மணி வெடிக்கு முன்னால்...

போன் அலறியது.

ஏட்டு பாய்ந்து எடுத்தார். கேட்டார். முகம் வெளுத்தது.

இந்த ஊரில் எல்லார் முகமும் கல் தூசியில் ஏற்கெனவே வெள்ளைதான். அதற்கு மேலும் வெளுத்தது என்றால் விஷயம் பெரிது!

"சார்... குவாரி முதலாளியை ஆபீஸ்லயே வெச்சு அடிச்சுக் கொன்னுட்டாங்களாம்!"

"எப்போ?"

"இப்பதான்... ஒரு மணி வெடிக்கு அப்புறமாம்!"

ஜீப் பறந்தது.

கல்லால் பிழைக்கிற ஊர் அது. தினமும் பன்னிரண்டு ஐம்பதுக்கு எச்சரிக்கைச் சைரன், ஒரு மணிக்குப் பாறைக்கு வெடி. பாதி மலையை விற்றுவிட்டது. மீதி மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. படிக்கட்டு கல். பஸ் ஸ்டாண்ட் பெஞ்ச் கல். போலீஸ் லாக்கப்பின் தரைகூட உடைந்த ஏற்றுமதிக் கல்தான். அறுத்து, தேய்த்து, பளபளக்க வைத்து லாரியில் ஏற்றிவிட்டால் அது எங்கோ யார் வீட்டுக்கோ தரையாகும், இல்லையென்றால் யாருக்கோ கல்லறையாகும். ஊருக்கு மிஞ்சுவது தூசி! காலையில் உலர்த்திய கறுப்புச் சட்டை மாலையில் சாம்பலாகியிருக்கும். நாற்பது வயதுக்காரன் மாடி ஏறினால் பாதிப் படியில் நின்று இருமுவான். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாவது தெருவைத் தாண்டும்போது இன்ஸ்பெக்டர் ஜீப் கண்ணாடியை ஏற்றினார். தினமும் அந்தத் தெருவில்தான் ஏற்றுவார்.

"என்ன ஊருய்யா இது! மனுஷன் இருப்பானா?"

மாற்றலாகி வந்த மூன்று மாதமாக இதே வசனம். ஏட்டு இதே மாதிரி தலையாட்டிக்கொண்டிருக்கிறார்.

குவாரி ஆபீஸ்.

முதலாளி நாற்காலியிலேயே மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. காலடியில் ஒரு சம்மட்டி. அதன் பிடியில் மூன்று வெட்டுக் கோடுகள்...

இன்ஸ்பெக்டர் குனிந்து அதை இன்னொரு முறை பார்த்தார்.

அந்தக் கோடுகளை அவருக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்!

"சார், நான்தான் போன் பண்ணேன்." டை கட்டிய ஆள் முன்னால் வந்தார். இந்தக் குவாரியை விலைபேச வந்திருந்த கம்பெனியின் மேனேஜர். ஊருக்கு வந்து மூன்று நாள்தான். "பன்னெண்டு மணியிலேர்ந்து அவர்கூடவேதான் சார் இருந்தேன். டீ குடிச்சுக்கிட்டே பேசிட்டிருந்தோம். ஒரு மணிக்கு வெடி வெடிச்சுது. பயந்துட்டேன்! கார் கண்ணாடி உடைஞ்சிருக்குமோன்னு வெளியே போய்ப் பார்த்தேன். திரும்பி வந்தா ஒருத்தன் உள்ளேர்ந்து ஓடறான்... பட்டறையில கல்லு தேய்க்கிறவன். காலைல பதினோரு மணிக்கு இங்க வந்து கத்துனானே, அதே ஆளு!"

"ஆமா சார்," என்றார் ஏட்டு. "கம்பெனி ஆளுங்களுக்கு எடுத்துப் பூட்டி வெச்ச நுரையீரல் எக்ஸ்ரேயைக் கொடுன்னு சண்டை போட்டானாம். ஊரே பார்த்திருக்கு. தூக்கிட்டு வந்துடலாமா சார்?"

இன்ஸ்பெக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளியின் டீ கிளாஸ். பாதி டீ. அதன்மேல் மாவு சலித்த மாதிரி வெள்ளைத் தூசிப் படலம்!

பொய்... மேனேஜர் சொல்வது பச்சைப் பொய்!

வாயைத் திறந்தார்.

"என்ன சார்?" என்றார் ஏட்டு.

மூடிக்கொண்டார். "ஒண்ணுமில்ல. போய்த் தூக்கிட்டு வாங்க."

அந்த நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டு அவர் தன் ஷூவையே பார்த்தார். எதிரே கண்ணாடி இருந்திருந்தால் அதில் காறித் துப்பியிருப்பார்.

சாயங்காலம். லாக்கப்.

உள்ளே தேய்ந்த மனிதர் ஒருவர். புருவம்கூட வெள்ளை. இன்ஸ்பெக்டர் ஏட்டை டீ வாங்க அனுப்பிவிட்டுக் கம்பியருகே வந்தார்.

"நீ... நீங்களா பண்ணினீங்க?"

"இல்ல சார்."

"அப்பாவோட சம்மட்டி அங்க எப்படி வந்துச்சு?"

"காலைல கோவத்துல அவர் மேஜைமேல வீசிட்டு வந்தேன் சார். எடுக்க மறந்துட்டேன்."

"என்னை சார்னு கூப்பிடாதே அண்ணா!"

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்க நேரமானது.

"மெதுவா பேசுடா. ஏட்டய்யா காதுல விழுந்துடப் போகுது."

இன்ஸ்பெக்டர் இந்த ஊர்ப் பையன்தான். மூன்றாவது தெரு! பதினாலு வயதில் ஹாஸ்டலுக்குப் போனார். அவர் படிக்க வேண்டும் என்பதற்காக அண்ணன் பட்டறையில் நின்றார். நின்றவர் நின்றவர்தான். தம்பி போலீசானான். மேலதிகாரியின் கண்ணில் பட்டான். அவருக்கே மாப்பிள்ளையும் ஆனான்.

பெண் பார்க்கப் போன வீட்டில் தம்பி அவிழ்த்த கதை: அப்பா மண்ணியல் பேராசிரியர், காலமாகிவிட்டார், கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அப்பாவுக்குக் கல்லோடுதான் வேலை என்பது வரைக்கும் பொய்யில்லை!

கல்யாணத்துக்கு அண்ணனைக் கூப்பிடவில்லை. அண்ணன் கேட்கவும் இல்லை.

"சைரன் ஊதுற வரைக்கும் எங்க இருந்தே?"

"மெஷின்ல. நாப்பது பேர் பார்த்திருக்காங்க."

"அதுக்கப்புறம்?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"பட்டறைக்குப் பின்னாடி தனியா போயிட்டேன். ரத்தமா வருதுடா இருமினா. யாரும் பார்த்துடக் கூடாதுன்னு... அசிங்கமா இருக்கு."

அவருக்கு இருமுவது அசிங்கம். தம்பிக்கு அவரே அசிங்கம்!

இன்ஸ்பெக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெட்கம் காதுவரை சுட்டது.

மறுநாள். மதியம் பன்னிரண்டு நாற்பது.

ஸ்டேஷன் வாசலில் பெரிய கார் வந்து நின்றது. மேலதிகாரி இறங்கினார். மாமனார்!

"என்ன மாப்ளே, ஒரே நாள்ல ஆளைப் பிடிச்சுட்டீங்களாமே! சபாஷ்!"

"வாங்க மாமா..."

மேனேஜரும் வந்திருந்தார். வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்து, ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டார். மூன்று டீ வந்தது. எதிரே லாக்கப்பில் அண்ணன் சுவரில் சாய்ந்திருந்தார். தம்பியைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் தம்பிக்குச் சங்கடம் என்று அவருக்குத் தெரியும்.

"எப்ப கோர்ட்டுக்கு அனுப்பறீங்க?" மாமனார் கேட்டார்.

"இன்... இன்னிக்கே மாமா."

சொல்லிவிடு... சொல்லிவிடு! உள்ளே ஒருவன் கத்தினான்.

சொன்னால்? "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள். அப்புறம் பேராசிரியர் அப்பா செத்துப்போவார், இரண்டாவது முறையாக. மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

சொல்லாவிட்டால்? அண்ணன் ஜெயிலுக்குப் போவார். அந்த நுரையீரல் அங்கே ஒரு வருஷம் தாங்காது!

ஊ...ஊ...ஊ...!

பன்னிரண்டு ஐம்பது. சைரன்!

இன்ஸ்பெக்டரின் கை அவரைக் கேட்கவில்லை. டீ கிளாஸை எடுத்தது. நாற்காலிக்குக் கீழே தரையில் வைத்தது. மேலே நோட்டுப் புத்தகத்தைப் போட்டு மூடியது.

அண்ணன் கம்பிக்குள்ளிருந்து அதைப் பார்த்துவிட்டார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

அவ்வளவுதான்! இன்ஸ்பெக்டருக்குள் இருபது வருஷமாக அடைத்திருந்த ஏதோ ஒன்று உடைந்தது.

"மேனேஜர் சார்... உங்க டீ எங்கே இருக்கு?"

"இதோ... மேஜைமேல. ஏன்?"

"இந்த ஊர்ல பொறந்தவன் எவனும் சைரனுக்கப்புறம் கிளாஸை மேஜைமேல வெச்சிருக்க மாட்டான் சார்! வெடி அதிர்ச்சியில கவிழ்ந்துடும். கவிழலைன்னா கூரைத் தூசி விழும். சைரன் கேட்டதும் கை தானா கிளாஸைத் தரையில வெச்சு மூடிடும். தூக்கத்துல எழுப்பினாலும் செய்வான்! முதலாளி இங்கேயே பொறந்து, இங்கேயே கல்லுடைச்சு, முதலாளி ஆனவர். அவர் கிளாஸ் மேஜைமேல திறந்து கிடந்துச்சு. தூசி படிஞ்சு!"

மேனேஜரின் பேனா கீழே விழுந்தது.

"அப்படின்னா சைரன் ஊதும்போதே அவர் உயிரோட இல்ல. அதுவரைக்கும் பட்டறைக்காரர் மெஷின்ல நின்னதுக்கு நாப்பது சாட்சி. பன்னெண்டு மணியிலேர்ந்து அவர்கூடவே இருந்தது யாரு? இப்பதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்க!"

"இது... இது அபத்தம்! சார், நீங்க கேளுங்க சார்!" மேனேஜர் மாமனாரிடம் திரும்பினார். "மூணு மாசமா இருக்கற ஆளுக்கு ஊரோட கை பழக்கம் எப்படித் தெரியும்?"

மாமனார் மெதுவாகக் கேட்டார். "நியாயமான கேள்வி. எப்படித் தெரியும் மாப்ளே?"



இன்ஸ்பெக்டர் தரையில் இருந்த தன் கிளாஸைப் பார்த்தார்.

"ஏன்னா மாமா... நானும் இந்த ஊர்தான். எங்கப்பா பேராசிரியர் இல்ல. கல்லுடைச்சவர். அந்தச் சம்மட்டி அவரோடது. உள்ளே இருக்கறது எங்கண்ணன். எல்லாம் தெரிஞ்சும் நேத்து நான்தான் தூக்கிட்டு வரச் சொன்னேன்."

ஏட்டு வாயைப் பிளந்தார். ஆபீஸ் முழுக்கத் தேடியும் அந்த எக்ஸ்ரேக்கள் கிடைக்காதது நினைவுக்கு வர, பிளந்த வாயோடு ஓடிப்போய் மேனேஜரின் கார் டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னிக்கு அடியில் பெரிய பழுப்புக் கவர். உள்ளே எக்ஸ்ரே படங்கள். நூற்றுக்கு மேல்!

மேனேஜர் நாற்காலியில் சரிந்தார்.

"காலைல அந்த ஆள் கத்திட்டுப் போனதுல கிழவர் மனசு மாறிட்டார்... படங்களை ஆளுங்ககிட்டயே கொடுக்கப்போறேன்னார். கொடுத்தா ஆளாளுக்கு நஷ்டஈடு கேப்பாங்க, எங்க கம்பெனி பேரத்தையே விட்டுடும் சார். என் வேலையே போயிருக்கும்! சம்மட்டி பக்கத்துலயே கிடந்துச்சு..."

விலங்கு மாட்டினார்கள். லாக்கப் பூட்டைத் திறந்தார்கள். ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே.

"வரேன் சார்," என்றார் அண்ணன், தரையைப் பார்த்து.

"அண்ணா..."

"இருபது வருஷம் தள்ளியே நின்னுட்டேன்டா. சட்டுனு மாத்த வரல." தம்பியின் தோளில் கையை வைத்தார். காக்கியில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தன. இன்ஸ்பெக்டர் அதைத் தட்டிவிடவில்லை.

டமார்!

ஒரு மணி வெடி. ஜன்னல் நடுங்கியது. கூரையிலிருந்து தூசி கொட்டியது. மேனேஜரின் டீ வெளுத்துப்போனது.

இன்ஸ்பெக்டர் மாமனார் முன்னால் போய் நின்றார். கழுத்து நிமிரவில்லை.

"மாமா... உங்க பொண்ணுகிட்ட நானே சொல்லிடறேன். என்ன தண்டனை கொடுத்தாலும்..."

மாமனார் குனிந்தார். தன் நாற்காலிக்கு அடியிலிருந்து தொப்பியை எடுத்தார். தொப்பிக்குக் கீழே...

டீ கிளாஸ்!

தூசி படாத டீ!

"மா... மாமா... நீங்க..."

"வேற மலை, அதே சைரன்." மாமனார் ஒரு வாய் உறிஞ்சினார். ஆறிப்போயிருந்தது. அவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்க சொல்றதைச் சொல்லிக்கோங்க மாப்ளே. ஆனா உங்க அத்தைகிட்ட என்னைப் பத்தி மூச்சு விட்டுடாதீங்க... முப்பது வருஷமா எங்கப்பா அவளுக்கு ஜட்ஜு!"