இரண்டாவது தட்டுக்கு முன்

இரும்புக் கட்டையில் மூன்று புள்ளி குத்திய முகம் மேலே இருக்கும்போது மில்லிங் மெஷினை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கையைக் கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனான். திரும்பி வந்து பார்த்தால் நான்கு புள்ளி மேலே இருந்தது.

போகும்போதே திருப்பி வைத்திருப்போம், மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பகல். ஷட்டர் பாதி இறங்கிய பட்டறையில் வேறு யாரும் இல்லை. முப்பது ஷாஃப்ட், ஒவ்வொன்றின் முனையிலும் ஸ்பேனர் பிடிக்க ஆறு பட்டை. நாளைக் காலையில் வண்டி வந்துவிடும்.

அதற்குத்தான் இந்தக் காலெட் பிளாக். ஆறு முகமுள்ள இரும்புக் கட்டை, நடுவில் துளை. துளைக்குள் ஷாஃப்டை விட்டு முறுக்கினால் காலெட் கவ்விக்கொள்ளும். கட்டையை டேபிள்மேல் இருக்கும் வைஸ் இடுக்கியில் இறுக்கி ஒரு பட்டை சீவ வேண்டும். வைஸைத் தளர்த்தி, அடுத்த முகத்துக்குப் புரட்டி, மறுபடி இறுக்கி அடுத்த பட்டை. கணக்கு தப்பக் கூடாதென்று முகங்களில் ஒன்று முதல் ஆறு வரை புள்ளி குத்தி வைத்தவர் மாமா, அவனுடைய அக்கா புருஷன்.

பட்டறையில் இதை இரண்டு பேராகச் செய்தார்கள். மாமா வைஸ் பக்கம், இவன் டேபிள் ஹேண்டில் பக்கம். ஹேண்டிலைச் சுற்றினால் டேபிள் வைஸோடு நகர்ந்து, சுழலும் பல்லுள்ள கட்டரை நோக்கிப் போகும். நடுவில் மெஷினை நிறுத்துவதே கிடையாது. நிறுத்தி நிறுத்திக் கிளப்பினால் வேலை ஓடாது. ஓடும் கட்டருக்கு ஒரு சாண் தள்ளி மாமா கட்டையைப் புரட்டி இறுக்குவார். அது வைஸில் சரியாக உட்கார, செம்புச் சுத்தியலால் இரண்டு தட்டு. அந்த இரைச்சலில் பேச்சு கேட்காது, தட்டு கேட்கும். இரண்டாவது தட்டு விழுந்த பிறகுதான் இவன் ஹேண்டிலைச் சுற்ற வேண்டும்.

"டேய் அவசரக்குடுக்கை, என் கை என்ன உனக்குக் கறிக்கடையா?" என்று மாமா சிரிப்பார்.

ஐம்பது நாளைக்கு முன் ஒரு மத்தியானம், இவன் இரண்டாவது தட்டுக்குக் காத்திருக்கவில்லை. முதல் தட்டுக்குக்கூட இல்லை. இரண்டு விரல் போனது. பிறகு சட்டைக் கையைக் கட்டர் சுற்றி இழுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மாமா போய்விட்டார்.

"தட்டினாருக்கா. தட்டிட்டு எதுக்கோ கைய உள்ள விட்டுட்டாரு." அக்காவிடம் சொன்னது அதுதான். முதலாளியிடமும் அதுதான். அக்கா நம்பிவிட்டாள் என்றுதான் இருந்தான். ஆனால் துணி மடிக்கும்போது, சோறு போடும்போது, தலை நிமிராமல் கேட்பாள்: "ரெண்டு தட்டும் தட்டினாராடா?" இன்று காலையில் அதைக் கேட்கவில்லை. "மத்தியானம் சோறு எடுத்துட்டு வரேன். அந்த எடத்த நான் பாக்கணும்" என்றாள்.

அவள் வருவதற்குள் முடித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டால் எந்த இடம், என்ன இடம்?

நான்கு புள்ளிக்கான பட்டையைச் சீவினான். மெஷினை நிறுத்தி, சுற்றிக்கொண்டு வைஸ் பக்கம் போனான். ஐந்து புள்ளி மேலே இருந்தது. வைஸ் இறுகியிருந்தது, இவன் இறுக்குவதைவிட ஒரு மடங்கு கூடுதலாகவே. அதன் கைப்பிடியில் கை வைத்தவன் வெடுக்கென்று எடுத்தான். வெதுவெதுப்பு. இரும்பு சூடேறினால் வரும் சூடு அல்ல, பஸ்ஸில் ஒருவர் பிடித்துவிட்டு விட்ட கம்பியில் இருக்குமே, அந்தச் சூடு. கட்டரைக் குளிர்விக்கும் கூலன்ட் நாற்றத்துக்கும் கருகிய சீவல் வாசனைக்கும் அடியில் வேறொரு வாசனை மெல்ல ஏறி வந்தது. தைலம். தோள்பட்டை வலிக்கு மாமா காலையும் மாலையும் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

கைகளைக் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றான். கூரைத் தகரம் வெயிலில் ஒரு முறை டப்பென்றது. குழாயில் சொட்டு விழுந்தது. வைஸின் கைப்பிடி கால் சுற்று இறங்கியது. கட்டை தூக்கிக்கொண்டது, புரண்டது, உட்கார்ந்தது. கைப்பிடி மறுபடி ஏறியது.

ஆறு புள்ளி.

தட்டுச் சத்தம் வரவில்லை. அதற்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

ஷட்டர் கிறீச்சிட்டது. அக்கா குனிந்து உள்ளே வந்தாள், கையில் தூக்குவாளி.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"வாக்கா, வெளிய போய்ச் சாப்பிடலாம். உள்ள ஒரே புழுக்கம்."

"அவர் எங்க நின்னாரு?"

அவன் கண் தானாக வைஸ் பக்கம் போய்விட்டது. அக்கா வாளியைத் தரையில் வைத்துவிட்டு அங்கே போய் நின்றாள். அந்த இடத்தில் சிமெண்டை இரண்டு பாதம் அளவுக்கு யாரோ தேய்த்து வைத்ததுபோல இருந்தது.

"நீ?"

"இங்க."

"சரி, வந்து நில்லு. கைய எப்படி வச்சிருந்த, காட்டு."

"எதுக்குக்கா இதெல்லாம்…"

"காட்டுடா."

ஹேண்டிலில் கை வைத்தான். அக்கா குனிந்து கட்டையின்மேல் உள்ளங்கையைப் பதித்தாள். வளையல் இரும்பில் பட்டுச் சிணுங்கியது.

"ரெண்டு தட்டும் தட்டினாரா?"

"தட்டினாருக்கா."

மெஷின் கிளம்பியது.

அவன் சுவிட்சைத் தொடவே இல்லை. கட்டர் சுழன்று வேகம் பிடித்தது. இடது கையால் சிவப்புப் பொத்தானை அடித்தான். இன்னொரு முறை. நிற்கவில்லை. "கைய எடுக்கா!" என்று கத்தினான். ஹேண்டில் நகர்ந்தது. அவன் சுற்றவில்லை. அவன் கைதான் சுற்றியது. விரலைப் பிரிக்கப் பார்த்தான். பிரியவில்லை. டேபிள் ஊர்ந்தது.

"தட்டலக்கா! அவர் தட்டவே இல்ல! நான்தான்… நான்தான் ஓட்டிட்டேன்! எடுக்கா கைய!"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. வெகுநாள் கழித்துத் தூங்கி எழுந்தவள் முகம்.

"தெரியும்டா" என்றாள். "அவர்தான் தினமும் சொல்றாரே."

கையை எடுக்கவில்லை.

கட்டருக்கும் அவள் கைக்கும் அரைச் சாண். நான்கு விரற்கடை. கூலன்ட் அவள் வளையலில் தெறித்தது. தைல வாசனை. அவள் விரல்களின்மேல், ஆசையாக, கெட்டியாக, இன்னொரு கை மூடியிருந்தது. அதில் மூன்று விரல்தான் இருந்தன.

ஹேண்டில் அவன் கையோடு சுற்றிக்கொண்டே இருந்தது.