போதுமானி

அன்று காலை இலக்கியாவின் உள்ளங்கைக்கு வாசல் போட்ட விலை அறுநூற்று நாற்பது ரூபாய். முந்தின நாளைவிட இருபது குறைவு. அவளுக்குப் பின்னால் கை வைத்த சர்மிளாவுக்கு ஆயிரத்து எழுநூறு.

நியாயம் எங்கே போய் ஒளிந்துகொண்டது, பாருங்கள்! இலக்கியா ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் நூற்றிருபது பனியனுக்குத் தோள் மூட்டிவிடுவாள். சர்மிளா அறுபது தைத்தாலே அதிகம். அதிலும் பத்தைப் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும். ஆனால் சர்மிளாவின் கணவனுக்கு இரண்டு மளிகைக் கடை. வீட்டில் பொழுது போகவில்லை என்று பனியன் கம்பெனிக்கு வருகிறவள். வேலை இல்லை போ என்றால் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். அது அவள் உடம்புக்குத் தெரியும். உடம்புக்குத் தெரிந்தது, கை வைக்கிற வாசல் கருவிக்கும் தெரிந்துவிடும்.

திருப்பூரில் எல்லாக் கம்பெனி வாசலிலும் அதே கண்ணாடிப் பலகைதான். காகிதத்தில் அதன் பெயர் இசைவுக்கூலிமானி. ஜனங்கள் வைத்த பெயர் போதுமானி. கையை வைத்ததும் பலகையில் எண்கள் கீழிருந்து மேலே ஓடும். நாடி, வியர்வை, கண்மணியின் விரிவு எல்லாவற்றையும் கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். எந்த எண்ணில் உடம்பு, மனசைக் கேட்காமலே, "அப்பாடா, இது போதும்" என்று தளர்கிறதோ அதுதான் அன்றைய கூலி. கதவு திறக்கும். பணம் அந்த நொடியே கைப்பேசியில் ஏறிவிடும். ஏமாற்றலாம் என்று பச்சைத் தண்ணீரில் கையை முக்கிவிட்டு வந்தவர்கள் உண்டு, மூச்சுப் பயிற்சிக்குக் காசு கட்டியவர்கள் உண்டு. ஒன்றும் பலிக்கவில்லை. வாய் பொய் சொல்லும், கை சொல்லாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இந்த வாசலில் அழுத பிள்ளையின் பாலைத்தான் முதலில் பிடுங்கினார்கள்.

இதைக் கொண்டுவந்தது யார் என்று யாராவது கேட்டால் இலக்கியா தலையைக் குனிந்துகொள்வாள்.

நாலு வருஷத்துக்கு முன்பு கம்பெனியில் சங்க ரேட்டு இருந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சங்கமும் முதலாளிகளும் உட்கார்ந்து பேசி, சத்தம் போட்டு, டீ குடித்து, ஒப்பந்தம் போடுவார்கள். தையலுக்கு ஆயிரத்து இருநூறு என்றால் எல்லாருக்கும் ஆயிரத்து இருநூறு. ஒப்பந்தம் முடியப் போகிற சமயத்தில்தான் கம்பெனி போதுமானியைக் காட்டியது. ஓட்டெடுப்பு வைத்தார்கள். கேட் மீட்டிங்கில், அப்போது இருபத்து மூன்று வயசு இலக்கியா, ஒரு ஸ்டூலின் மேல் ஏறி நின்றாள்.

"என்ற கை ஓடற ஓட்டத்துக்கும், அரைத் தூக்கத்துல தைக்கறவங்களுக்கும் ஒரே கூலிங்களா? அவங்கவங்க தகுதிக்கு அவங்கவங்க வாங்கிக்கட்டும்ங்க!"

கைதட்டல் வானத்தைப் பிளந்தது. சங்கத்துச் செயலாளர் ரேணுகா, அவளும் தையல்காரிதான், கீழே நின்றபடியே சொன்னாள்: "அம்மிணி, அந்த மிஷின் உன்ற கையைப் பார்க்கலை. உன்ற வயித்தைப் பார்க்குது."

யாரோ விசில் அடித்தார்கள். இலக்கியாவும் சிரித்தாள். பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் சங்க ரேட்டு போயே போய்விட்டது.

முதல் நாள் அவளுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம்! ஹாஸ்டல் அறைக்கே பிரியாணி வாங்கிப் போட்டாள். எல்லாம் தன் கைத்திறமை என்றுதான் நினைத்தாள், பாவம். கல்யாணம் ஆகாதவள், ஊரில் அப்பா அம்மா நல்ல நிலையில் இருந்தார்கள், கோயமுத்தூர் மில்லிலிருந்து வேறு கூப்பிட்டிருந்தார்கள். எந்த நிமிஷமும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பக்கூடியவள் என்பதற்குத்தான் அந்த விலை. அது அவளுக்கு அப்போது புரியவில்லை.

பிறகு சாயப்பட்டறையில் வேலை பார்த்த லோகேஸ்வரனைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். அதோடு பிறந்த வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. தாலி கட்டிய மறுநாளே முந்நூறு குறைந்தது. வரிசையில் நின்றவர்கள் "புருசன் மேல அத்தனை ஆசையா!" என்று கேலி செய்தார்கள். அவளுக்கும் அது வெட்கம் கலந்த பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வருஷம் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அரசு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை தனியார் ஆஸ்பத்திரி, ஒரு தடவைக்கு எண்ணூறு ரூபாய். கையில் இருந்த நகையெல்லாம் கரைந்தது. அவன் முகம் ஊத ஊத அவள் எண் இறங்கியது. போதுமானிக்கு அவன் யாரென்று தெரியாது. இவளுக்கு அவன் எவ்வளவு வேண்டியவன் என்பது மட்டும் தெரிந்தது.

டீக்கடையில் யாரோ இந்த விஷயத்தை லோகுவிடம் சொல்லிவிட்டார்கள்.

அன்று மத்தியானம், அவள் விடுப்பில் இருந்த ஞாயிற்றுக்கிழமை, அவன் சோற்றுத் தட்டை வீசி எறிந்தான். "உன்னைக் கட்டுனதுதான் என்ற வாழ்க்கையிலயே செஞ்ச தப்பு. போயிரு, உங்கூருக்கே போயிரு!" என்று கத்தினான். கத்திவிட்டு, அவள் காலில் சோறு மிதிபட்டு வழுக்கிவிடக் கூடாதே என்று, மூச்சு வாங்க வாங்கக் குனிந்து பருக்கைகளைப் பொறுக்கினான்.

இலக்கியாவுக்குப் பொறி தட்டியது. "எந்தப் பேமானி உங்களுக்கு இந்த யோசனை சொன்னான்?"

அவன் இன்னொரு பருக்கையைப் பொறுக்கினான்.

"மாமா, உங்களுக்கு நடிக்க வராது. விட்டுருங்க."

"நீ என்னை வெறுத்துட்டா ஆயிரம் ரூபாயாச்சும் வரும் புள்ள."

"வெறுத்துட்டு அந்த ஆயிரத்தை வச்சு நான் யாருக்கு வைத்தியம் பாக்கறது?" என்றாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். மறுநாள் காலை அவள் எண் ஐந்நூற்று எண்பது.

அந்த வாரம்தான் ரேணுகா மறுபடி ஆள் சேர்த்தாள். முந்நூற்று நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேருக்கு இப்போது பழைய சங்க ரேட்டில் பாதிகூட வரவில்லை. திட்டம் ரொம்பச் சாதாரணமானது. வியாழக்கிழமை ஒருத்தரும் கண்ணாடியில் கை வைக்கக் கூடாது. கப்பல் ஏற வேண்டிய சரக்கு உள்ளே கிடந்தது. ஒரே ஒரு நாள் நின்றால் முதலாளி இறங்கி வருவார்.

"முந்தியெல்லாம் நம்மள்ல யாருக்குப் பணமுடை, யாருக்கு இல்லைன்னு முதலாளிக்குத் தெரியாதுங். எல்லாரும் ஒண்ணா நின்னதால ஒருத்தர் முடையை இன்னொருத்தர் மறைச்சு நின்னோம்" என்றாள் ரேணுகா. "நாளைக்கும் அப்படியே நிப்போம்."

இலக்கியா முதல் வரிசையில் நின்றாள். தான் கெடுத்ததைத் தானே சரிசெய்ய வேண்டும் என்ற ரோஷம். எல்லாரும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. மேலாளர் இரண்டு தடவை வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார். பெண்கள் பக்கம் சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. சர்மிளாகூட வந்து நின்றிருந்தாள், சும்மா சொல்லக் கூடாது.

ஒன்பதரைக்கு இலக்கியாவின் கைப்பேசி அதிர்ந்தது. ஆஸ்பத்திரி. பத்தரைக்குள் பணம் வராவிட்டால் இன்றைய படுக்கை வேறு நோயாளிக்கு. லோகு அங்கே போய்க் காத்துக்கொண்டிருந்தான். அவளிடம் இருந்தது இருநூறு ரூபாய்.

பக்கத்தில் ரேணுகா நின்றாள். கேட்டிருக்கலாம். வாயைத் திறந்துவிட்டாள்கூட. ஆனால் ஸ்டூலின் மேல் ஏறி நின்ற அந்த நாள் ஞாபகம் வந்து, திறந்த வாயை மூடிக்கொண்டாள். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இவர்களிடம் கேட்பது? அவங்கவங்க தகுதிக்கு அவங்கவங்க என்று சொன்னவள் ஆயிற்றே!

அறுநூறு கிடைத்தால் போதும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். முந்நூற்று நாற்பது பேர் பார்த்திருக்க, நடந்து போய்க் கையை வைத்தாள்.

எண்கள் ஓடக்கூட இல்லை. முந்நூற்றுப் பத்தில் நின்றுவிட்டது. அந்த நிமிஷத்தில் அவள் எதற்கும் சம்மதிப்பாள் என்பதை உடம்பு சொல்லிவிட்டது. கதவு திறந்தது.

அவள் பின்னால் ஒருத்தி வந்தாள். அவளுக்கு வீட்டில் என்ன முடையோ! பிறகு நாலு பேர். பத்து மணிக்கெல்லாம் வாசலில் ரேணுகா மட்டும்தான் நின்றாள்.

இருநூறும் முந்நூற்றுப் பத்தும் சேர்ந்து எண்ணூறு ஆகாது. அன்றைய படுக்கை வேறு யாருக்கோ போனது. மறுநாள் பணம் புரட்டியபோது படுக்கை காலி இல்லை. சனிக்கிழமை விடியலில், ஆட்டோவில் போகும் வழியிலேயே, லோகேஸ்வரனின் இதயம் நின்றுவிட்டது. அவன் தலை அவள் மடியில் இருந்தது. அவள் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவனிடம் பேசிக்கொண்டே போனாள்.

துக்கம் கேட்க ரேணுகா வந்தாள். விஷயம் முழுக்கத் தெரிந்ததும் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே? முந்நூத்தி நாப்பது பேர் நின்னோமேடி. ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டிருந்தா நாலு தடவைக்கு ஆயிருக்குமே. எதுக்குடி நாங்க பக்கத்துல நின்னோம்?"

"எனக்குக் கேக்கத் தோணலைக்கா" என்றாள் இலக்கியா. அது பொய். தோன்றியது. கேட்கத்தான் கூசியது. அந்தக் கூச்சம்தான் அவனைக் கொன்றது என்று அவளுக்குத் தெரியும். சாகிற வரைக்கும் தெரிந்துகொண்டே இருக்கும்.

பதினேழாம் நாள் அவள் வேலைக்குப் போனாள். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். வரிசை விலகி வழி விட்டது. கண்ணாடியில் கையை வைத்தாள்.

எண்கள் ஓடின. முந்நூறு, அறுநூறு, ஆயிரம். நிற்கவில்லை. ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம். சர்மிளாவின் எண்ணைத் தாண்டி, யாருமே அந்த வாசலில் பார்த்திராத எண்களைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மூவாயிரத்தில் பலகை சிவந்து நின்றுபோனது. கதவு அசையவில்லை.

காவல்காரர் நல்ல மனுஷன். கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னார்: "கம்பெனி வரம்பைத் தாண்டிப் போயிருச்சும்மா. மனசுல எதையாச்சும் வேணும்னு நினைங்க. ஒரு சேலை, ஒரு வேளைச் சாப்பாடு, ஏதோ ஒண்ணு. நினைச்சாத்தான் திறக்கும்."

இலக்கியா நிஜமாகவே முயன்றாள். சேலையை நினைத்தாள். வீட்டு வாடகையை நினைத்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிற்றை நினைத்தாள். எதுவும் வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆள். அவன் எந்தக் கூலிக்கும் இனி வரமாட்டான். கண்ணீர் கண்ணாடியில் சொட்டியது. எண் மறுபடி முதலிலிருந்து ஓடி, மறுபடி சிவந்தது.

"அக்கா, கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா? புள்ளைக்கு மூணு நாளாக் காய்ச்சல், மருந்து வாங்கணும்" என்றாள் பின்னால் நின்ற பெண்.

இலக்கியா கையை எடுத்துவிட்டு நகர்ந்தாள். அந்தப் பெண் சேலைத் தலைப்பில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு பலகையில் வைத்தாள்.

நூற்றெண்பது. கதவு பட்டென்று திறந்தது. "நல்ல வேளை" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே ஓடினாள்.