கால் அளவில் நின்ற முள்

"அப்பா, டேங்க் காலியா இருந்தா உள்ள யாரு இருப்பா?"

ஐந்து வயதில் ஒருநாள் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த மகள் கேட்டாள். கழற்றி வைத்திருந்த டீசல் டேங்க்கின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"காத்து இருக்கும்டா கண்ணு."

"தனியாவா? பாவம்" என்றாள்.

அன்றைக்குச் சிரித்தேன். அந்த நீல லாரி மறுபடியும் என் வாசலில் வந்து நின்ற மதியத்துக்குப் பிறகு, அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

ஓட்டி வந்தவன் புது டிரைவர். இறங்கும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"அண்ணே, உலகத்துலயே சிக்கனமான வண்டி இதுதான். ரொப்பினாலும் கால் டேங்க், தீர்ந்தாலும் கால் டேங்க். இந்த டீசல் முள் எங்க மாமியார் மாதிரி, உக்காந்தா எழுந்திரிக்காது."

"எப்பலேர்ந்து ஓட்டுற?"

"போன வாரம்தான். எங்க அக்கா வீட்டுக்காரர் ஓட்டின வண்டி. விசில்காரர்னு சொல்வாங்களே, தெரியுமா?"

தெரியும்.

அவன் குரல் தணிந்தது. "டீசல் போட மறந்து மலையில நின்ன மனுஷன்னு இன்னைக்கும் சிரிக்கிறாங்கண்ணே. அக்காவே படத்தைப் பார்த்துத் திட்டும். 'இருபத்தஞ்சு வருஷம் ஓட்டியும் டேங்க் பார்க்கத் தெரியலையே'ன்னு. திட்டிட்டு அதுவே அழும். நாளைக்கு நானும் அந்த மலையைத்தான் தாண்டணும். நல்லாப் பார்த்துக் குடுங்க."

டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அவனை அனுப்பினேன். என் முகத்தை அவன் பார்க்கக் கூடாது என்றுதான்.

விசில்காரர் எந்நேரமும் உதட்டோரம் மெல்ல விசிலடித்துக்கொண்டிருப்பார். டேங்க்கை விரல் கணுவால் தட்டி, அந்தச் சத்தத்திலேயே எத்தனை லிட்டர் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பனிக்காலத்தில், முள் சரியாகக் காட்டவில்லை என்று வந்தார். டேங்க் நிறைந்திருந்தது. உள்ளே டீசல் மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவையைத் தாங்கும் கம்பியை வளைத்து, முள் நிறைவைத் தொடும்படி செய்தேன். காலி டேங்க்கிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். அதற்கு டீசலை முழுவதும் இறக்கியாக வேண்டும். பின்னால் வேறு வண்டி காத்துக்கொண்டிருந்தது.

போகும்போது அவர் வழக்கம்போல டேங்க்கைத் தட்டினார்.

"இன்னும் என்னண்ணே விரலு? முள்ளை நம்புங்க" என்று கேலி செய்தேன். சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள், முள் கால் டேங்க் காட்டிக்கொண்டிருக்க, டேங்க் வறண்டு வண்டி மலையில் நின்றது. கேனை எடுத்துக்கொண்டு பனிமூட்டத்தில் இறங்கி நடந்தவரை எதிரே வந்த வண்டி பார்க்கவில்லை. அவர் மறதி என்றார்கள். நான் வாயே திறக்கவில்லை.

லாரிக்கு அடியில் படுத்தேன். டீசலைப் பீப்பாயில் இறக்கினேன். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டிரைவர் இருக்கைப் பக்கம் ஏறிப் பார்த்தேன்.

முள் கால் அளவிலேயே நின்றது.

மின்சாரமே இல்லாமல்.

மிதவையை வெளியே எடுத்தேன். கம்பியில் என் கை வளைத்த வளைவு அப்படியே இருந்தது. என்ஜினுக்குப் போகும் ரப்பர் டியூப் வெடித்திருந்ததால் புதிது மாட்டினேன். குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான்: என்ஜின் பக்க நுனியை வாயில் வைத்து ஊதினேன். டேங்க்குக்குள் காற்று போகும் சத்தம் கேட்டது.

நிறுத்தினேன்.

உள்ளேயிருந்து யாரோ திருப்பி ஊதினார்கள்.

டீசல் மணத்தோடு, வெதுவெதுப்பான மூச்சு. அது குழாயின் நுனியைத் தாண்டும்போது மெல்லிய விசிலானது.

குழாயைக் கீழே போட்டேன். எதிர்ச்சாரியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தமெல்லாம் தூரம் போனது.

டொக்.

டேங்க்கின் உட்புறத்திலிருந்து.

டொக். டொக்.

விரல் கணு.

"அண்ணே" என்றேன். "உங்க மறதி இல்லண்ணே. என் தப்பு. காலியில பார்க்காமலே அனுப்பிட்டேன்."

தட்டல் நின்றது. எழுந்து டிரைவர் இருக்கைப் பக்கம் எட்டிப் பார்த்தேன்; கண்ணாடிக்குப் பின்னால் முள் மெதுவாகச் சரிந்து காலியில் படுத்தது.

"யார்கிட்டண்ணே பேசுறீங்க?"

புது டிரைவர் வாசலில் நின்றான். எனக்கென்று டீ வாங்கி வந்திருந்தான். அவன் காதில் எவ்வளவு விழுந்ததோ தெரியாது. எல்லாவற்றையும் மறுபடி அவனிடமே சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் போய் டேங்க்கின் மேல் கை வைத்தான்.

"அக்காகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க" என்றான். பிறகு டீயை என் கையில் வைத்தான். "ஆறுது, குடிங்க. குடிச்சிட்டு, இந்தத் தடவை காலியிலேர்ந்து பாருங்க."

புதுக் கம்பி போட்டேன். பத்துப் பத்து லிட்டராக நானே ஊற்றினேன். அவன் ஏறி உட்கார்ந்து முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் அந்த வண்டி மலையைப் பத்திரமாகத் தாண்டியது.

அந்த வாரமே அவன் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அந்த அம்மா எழுந்து போய்ப் படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார்.

மனிதருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. விசில்காரருக்குச் சேர வேண்டியது பாக்கி இருந்தது. ஒரு விடியற்காலை, யாரிடமும் சொல்லாமல், ஒரு கேன் நிறைய டீசலோடு, அவர் வண்டி நின்ற மலை வளைவுக்குப் போனேன். பனிமூட்டம். தடுப்புக் கல்லோரம் கேனை வைத்தேன்.

"வெச்சிட்டேண்ணே."

திரும்பி நடந்தேன். எட்டடி போயிருப்பேன். பின்னால் கேன் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடனைத் திருப்பிக் கொடுக்கிறவன், வாங்குகிறவர் முகத்தை உற்றுப் பார்க்கக் கூடாது.

இன்று காலை ஒர்க்‌ஷாப் ஷட்டரைத் தூக்கினேன். நேற்று நானே பூட்டிய பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே, தரை நடுவில், அந்தக் கேன். மேலெல்லாம் பனித்துளி. காலி.

மறுபடி அந்த வளைவுக்குக் கொண்டுபோக, நிரப்பி என் வண்டியில் ஏற்றிவிட்டேன்.