பழைய டிரைவர்

“ஏனுங்க, உங்க கடையில வேலை தெரிஞ்ச ஆளே இல்லீங்களா?”

குடையை மடக்கக்கூட விடவில்லை அவள். சுஜித் வாசலிலேயே நின்றான். குன்னூர் கம்ப்யூட்டர் கடையிலிருந்து அரவேணு வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு அவனுக்கு. ஆனால் அந்தக் கண்கள்... தூக்கமில்லாமல் சிவந்து, கோபத்திலும் அழகாக இருந்து தொலைத்தன.

ஷண்முகப்ரியா அந்தத் தேயிலை பேக்டரியின் ஆபீஸ் கிளார்க். பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்ததிலிருந்து ஆளைக் குறைத்துக் குறைத்து, எல்லார் வேலையும் அவள் தலையில்தான். முந்தின நாள் கடை முதலாளி வந்து கம்ப்யூட்டரில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார். காலையில் பார்த்தால் திரையில் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவு... பாதிப் பக்கம் திரைக்கு வெளியே.

சுஜித் உட்கார்ந்து ரெசல்யூஷனைக் கூட்டப் பார்த்தான். அசையவில்லை. நிறங்களும் வெளிறிக் கிடந்தன. காரணம் புரிந்துவிட்டது.

“டிரைவர்தாங்க பிரச்சினை,” என்றான். “பழசு. இதை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. தூக்கிட்டாத்தான் எல்லாம் ஒழுங்கா ஓடும்.”

அவள் விருட்டென்று எழுந்து நின்றாள்.

“அதான் போன மாசமே தூக்கிட்டாங்களே... இன்னும் என்னங்க வேணும்? எங்கப்பா இந்த மலையில ஒரு நாள் வண்டியை உரசினதில்லைங்க. அவரைப் பழசுன்னு சொல்ல நீங்க யாருங்க?”

சுஜித்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை. ஷெட்டில் ஓடாமல் நின்ற இலை லாரியின் கண்ணாடியை ஒருவர் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் அப்பா லிங்கசாமி. வேலை போன பிறகும் தினமும் வந்து துடைத்துவிட்டுப் போகிறவர்.

“ஐயோ, அவரைச் சொல்லலைங்க... கம்ப்யூட்டருக்குள்ள திரையை ஓட்டுற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு. அதுக்கும் டிரைவர்னுதாங்க பேரு.”

அவள் முகம் சுண்டிப்போனது. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வறட்டு கௌரவம் விட்டால்தானே... “வேலையை முடிச்சுட்டுக் கிளம்புங்க,” என்றாள்.

சிடியிலிருந்து புது டிரைவரைப் போட்டு, மெஷினை மறுபடி ஸ்டார்ட் செய்தான். எழுத்துகள் சுருங்கித் தெளிந்தன. அவன் போன பிறகுதான் ஜன்னலோரம் வந்தாள். பஸ் போய்விட்டிருந்தது.

அவ்வளவு கத்தியும் ஒரு சுடுசொல் சொல்லாமல் போனவனின் முகம் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. அந்த வாரம் முழுக்கப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? பாழாய்ப்போன திரை பளிச்சென்று இருக்கிறதே... திங்கட்கிழமை திருப்பூர் பனியன் கம்பெனியில் கூடுதல் சம்பளத்துக்கு வேலைக்குச் சேர வேண்டும். அப்பா உட்கார்ந்துவிட்ட வீட்டில் வேறு வழியில்லை. போய்விட்டால் அவனை எங்கே பார்ப்பாள்?

சனிக்கிழமை, ஆபீஸில் அவளுக்குக் கடைசி நாள். ஷெட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்பாவா சிரிப்பது? ஓடிப்போய்ப் பார்த்தால்... லாரிக்குப் பக்கத்தில், கையில் துணியோடு சுஜித்.

அவளைக் கண்டதும் லிங்கசாமி, “டீ வாங்கிட்டு வர்றனுங்க தம்பி,” என்று நகர்ந்துகொண்டார்.

“யாரும் போன் பண்ணலைங்களே,” என்றாள் அவள்.

“பண்ணலைதாங்க.”

“அப்புறம்?”

அவன் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். “அன்னைக்கு அப்பாவுக்காகச் சட்டுனு எழுந்து நின்னீங்க பாருங்க... அப்படி ஒருத்தர் எனக்கும் வேணும்னு அப்பவே தோணிருச்சுங்க. திருப்பூர் போறீங்கன்னு அப்பா சொன்னாரு. அதுக்குள்ள சொல்லிடணும்ல... உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க.”

அவள் லாரியின் மேல் சாய்ந்துகொண்டாள். ஒரு மாதமாக அழாத அழுகை அப்போதுதான் வந்தது.

“எல்லாத்துக்கும் நானே நின்னு நின்னு ரொம்ப அசந்து போயிட்டனுங்க... எனக்காகவும் கொஞ்சம் நிக்கறீங்களா?”