முன்னணையில் ஒரு முடிச்சு

"ஐயோ... அத்த வழுக்கி விழுந்துட்டாங்க... யாராவது ஓடியாங்க..."

பூரணி அலறினாள்.

அலறுவதற்கு முன்னால் ஒருமுறை பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

மாமியார் அந்தோனியம்மா ஓடைக்கல்லில் தலைவைத்துக் கிடந்தாள். அசைவில்லை. தலைக்குக் கீழே தண்ணீர் சிவப்பாக ஓடியது.

சரி. இனி அலறலாம்.

இரண்டு பேரும் ஓடைக்கு மேலே பாறையில் பாசி பறிக்க வந்தவர்கள். மோர்வெல் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, பூரணியின் கணவன் அருளப்பன் வீட்டில் கிறிஸ்து பிறந்த நத்தார் என்றால் இயேசு பாலனுக்குக் கட்டும் குடில்தான் பெரிது. குடிலுக்குப் பச்சைப் பாசியை வருஷா வருஷம் அந்தோனியம்மாதான் தன் கையால் உரித்து வருவாள். இந்த வருஷம் புது மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

கூட்டிக்கொண்டு வராமல் இருந்திருக்கலாம்.

"அத்த, அந்தச் சங்கிலிய ஒருவாட்டி போட்டுப் பாக்கத் தாங்களேன்."

"ஏன், கழுத்து குளுருதா?"

"நத்தாருக்கு எங்க அம்மா வருவாங்க. ஒரே ஒரு நா போட்டுக்கிறேன்..."

"நத்தாருக்கு இது பாலனுக்கு. நீ கண்ண வெக்காத."

சொல்லிவிட்டு அந்தோனியம்மா சிரித்தாள். வாயைச் சேலையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

பூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கினாள், முழங்கால் வலிக்கச் செபம் படித்தாள், ஆறு மாதம் இவளுக்குச் சட்டி கழுவினாள். சங்கிலி மட்டும் ஒரு மண் பொம்மைக்கா?

ஒரு கை சங்கிலியைப் பிடித்தது. மறு கை தள்ளியது.

கொக்கி அறுந்தது. கிழவி போனாள். சங்கிலி நின்றது.

இப்போது அது பூரணியின் கூடையில், பாசிக்கு அடியில்.

அலறலைக் கேட்டு முதலில் ஓடிவந்தவன் செல்லசாமி. கீழ்மலையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவன். அரிவாளைப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கினான். பிணத்தைத் தோளில் போட்டு ஏறினான்.

பெண்கள் பிணத்தைக் குளிப்பாட்டும்போதுதான் ஒருத்தி கேட்டாள்.

"சங்கிலி எங்க?"

பூரணி மார்பில் அடித்துக்கொண்டே சொன்னாள்.

"நான் மேல பாசி உரிச்சுக்கிட்டிருந்தேன். கீழ எறங்கினது செல்லசாமி அண்ணன் மட்டுந்தான்."

அவ்வளவு போதும். செல்லசாமியைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். சங்கிலியைத் திருடவே அவன்தான் தள்ளினானோ என்றும் பேச்சுக் கிளம்பிவிட்டது.

அடக்கம் முடிந்த சாயங்காலம் அருளப்பன் குடில் கட்டினான்.

"துக்க வீட்ல எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் பூரணி.

"அம்மா கடைசியாப் பறிச்ச பாசி. வீணாப் போகவேணாம். கூடைய எடு."

"நீங்க அசதியா இருக்கீங்க. நானே எடுத்துத் தாரேன்."

பாசியை எடுத்துத் தந்தாள். சங்கிலியை மடியில் போட்டுக்கொண்டாள்.

ஆனால் எங்கே ஒளிப்பது? செல்லசாமியின் ஒற்றை அறை லயத்துக் காம்பிராவைத் தலைகீழாகப் புரட்டியாயிற்று. அடுத்து இங்கேதான் வருவார்கள் என்று தெரிந்தது.

குடிலைப் பார்த்தாள். மாதா, சூசையப்பர், ஆடு, மாடு. நடுவில் கையகல மரத்தொட்டி ஒன்று. அதில் காய்ந்த மானாப்புல். வேறொன்றும் இல்லை.

மாட்டுத் தீனி என்று நினைத்தாள். மண் மாடு தின்னவா போகிறது?

கிழிந்த துணியில் சங்கிலியை முடிந்து, ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துப் புல்லுக்கு அடியில் செருகினாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் கொடிகார வந்தார். ட்ரங்குப் பெட்டி, அரிசித் தகரம், அடுப்புச் சாம்பல் எல்லாவற்றையும் கிளறினார். குடில் முன்னால் வந்ததும் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். நீர்கொழும்புக் கத்தோலிக்கர். தொடாமல் நகர்ந்துவிட்டார்.

பூரணி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அன்று மத்தியானம் வாசலில் ஒரு பெண் நின்றாள். செல்லசாமியின் மனைவி வேலாயி.

"பூரணியம்மா, நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்ருவாங்கம்மா. பொணத்துல திருடுற ஆளா அது? அடிச்சதுல மூணு பல்லு போயிருச்சு. கஞ்சிகூட எறங்கல."

"ஒங்களுக்குப் பல்லு போயிருக்கு. எங்களுக்கு உசுரு போயிருக்கு."

"புள்ளைங்க ரெண்டும் அப்பா எங்கன்னு..."

"இரு."

உள்ளே போய் ஒரு கேக் துண்டைக் கொண்டுவந்தாள். பஜார் பேக்கரியில் கொடுத்து அந்தோனியம்மா நத்தாருக்காகச் சுட்டு வைத்த கேக்.

"அத்த சுட்டது. நல்லாயிருக்கும். புள்ளைங்களுக்குக் குடு."

வேலாயி அதைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். கோழிகள் கொத்தின.

நத்தார் விடிந்தது.

மலை முழுக்கப் பனி. அருளப்பன் முகம் மழித்து, வெள்ளைச் சட்டையின் கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தான். பூரணியின் அப்பா சிவசாமியும் அம்மா மீனம்மாவும் பட்டிப்பொலயிலிருந்து முந்தின நாளே வந்திருந்தார்கள். அருளப்பன்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தான்.

மீனம்மா மகளின் காதோரம் குனிந்தாள்.

"மாமியா சங்கிலி கெடைக்கவே இல்லியாடி?"

"சும்மா இரும்மா. ஒருநா கெடைக்கும்."

அருளப்பனிடம் பிளேன் டீயை நீட்டினாள்.

"பூசைக்கு முன்னால நாங்க பச்சத் தண்ணிகூடக் குடிக்கமாட்டோம். நீ குடி," என்றான் அவன். பிறகு சாவகாசமாகச் சொன்னான். "இன்ஸ்பெக்டர் ஐயாவும் வாராரு. வந்ததும் பாலன வெச்சிட்டுக் கெளம்புவோம்."

"பாலனயா? எங்க வெப்பீங்க?"

"அந்தா, அந்தப் புல்லுத் தொட்டியிலதான். அதுக்குப் பேரு முன்னண. பொறக்கிறதுக்கு முந்தி புள்ளய வெப்பாங்களா? அதான் இத்தன நாளா சும்மா கெடக்கு."

பூரணி கோப்பையோடு தொட்டியின் பக்கம் சட்டென்று திரும்பினாள். டீ சேலையில் சிந்தியது.

"சுட்டுருச்சா?"

"இல்லீங்க..."

"மாமா, வாங்க, வாசல்ல ஒரு பந்தக்கால் சாயுது. அத்த, நீங்களும் வந்து ஒரு கை குடுங்க." மாமனாரையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு அருளப்பன் வெளியே போனான்.

வீட்டில் அவள் மட்டும்.

பாய்ந்தாள். விரல்கள் புல்லுக்குள் போயின.

இருந்தது. அதே துணி, அதே கனம். அவிழ்த்துப் பார்க்க நேரமில்லை. இடுப்பில் செருகிக் கொசுவத்தை இழுத்துவிட்டாள். புல்லைச் சரியாக்கினாள். கடவாயில் ஒரு சிரிப்பு தானாக வந்தது.

ஜீப் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் கொடிகார உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். ஜீப்பின் பின்சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பது பனியில் மங்கலாகத் தெரிந்தது.

மெழுகுதிரி ஏற்றினார்கள். அருளப்பன் அம்மாவின் பெட்டியிலிருந்து பட்டுத் துணியில் சுற்றிய ஒன்றை ஏந்தி வந்தான்.

"கல்யாணமாகி மொத நத்தாருக்கு மருமகதான் பாலன வெக்கணும். எங்க வீட்டு வழக்கம். வாங்கிக்க, பூரணி."

அவளையே வைக்கச் சொல்கிறான். முட்டாள். பூரணி பக்தியோடு கைநீட்டினாள். பட்டை விலக்கினாள்.

மண் குழந்தை கண்விழித்துப் பார்த்தது.

அதன் கழுத்தில் இரண்டு சுற்றாக அந்தோனியம்மாவின் சங்கிலி! அறுந்த கொக்கியில் சிவப்பு நூல் முடிச்சு.

பூரணியின் கை இடுப்புக்குப் போனது. யாரும் போகச் சொல்லவில்லை. தானாகப் போனது.

"இடுப்பில என்ன?" என்றார் கொடிகார.

"ஒண்ணுமில்லீங்க..."

"ஒண்ணுமில்லாட்டி ஒங்க அம்மா எடுக்கட்டும்."

மீனம்மா முடிச்சை எடுத்து அவிழ்த்தாள்.

உள்ளே ஒரு கூழாங்கல்.

"ஓடைக்கல்லு," என்றான் அருளப்பன். குரல் ஏறவில்லை. "நேத்துக் காலையில புதுப் புல்லு மாத்தப் போனேன். முடிச்சு கையில தட்டுச்சு. ஆனா வெச்சது யாரு? துக்கம் கேக்க தோட்டமே வந்துச்சு. யாரு வேணா வெச்சிருக்கலாம். அதான் அம்மா விழுந்த எடத்திலேருந்து ஒரு கல்ல எடுத்தாந்து அதே துணியில முடிஞ்சு வெச்சேன். பாலன வெக்கப்போறோம்னு தெரிஞ்சதும் பதறி வந்து எடுக்கிறவங்கதான் ஆளு. ஐயாகிட்டயும் சொல்லிட்டேன்."

"என்னங்க, நான் கண்டு பயந்துபோயி, ஒங்ககிட்ட சொல்லத்தான்..."

"அப்ப ஏன் இடுப்புல செருகின?"

பூரணி சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்தாள்.

"அதெல்லாம் போகட்டும். இந்தச் சங்கிலி யாருக்குன்னு தெரியுமா ஒனக்கு?"

"பாலனுக்குன்னு... அத்ததான் சொன்னாங்க..."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"எங்க வெச்சு சொன்னாங்க? பாறையிலயா?" அருளப்பன் தலையை ஆட்டினான். "பாலனுக்குத்தான் போடுவாங்க. மொத நத்தாருக்குப் பாலன வெக்கிற மருமக, அவரு கழுத்திலேருந்து எடுத்துத் தன் கழுத்துல போட்டுக்கணும். அம்மாவுக்கு அவங்க மாமியாகிட்டேருந்து வந்ததும் இப்படித்தான். முன்கூட்டிச் சொல்லக்கூடாது. சொன்னா ருசி போயிரும்னு அம்மா சொல்லும். போன மாசமே அட்டன் டவுனுக்குக் கொண்டுபோயி பாலிஷ் போட்டு வெச்சது ஒனக்காக."

பாறையில் கிழவி வாயை மூடிக்கொண்டு சிரித்த சிரிப்பு பூரணிக்குக் கண்முன் வந்தது.

ரகசியத்தை அடக்க முடியாமல் வந்த சிரிப்பு அது.

நத்தார் வரைக்கும் பொறுத்திருந்தால் போதும். சங்கிலி அவளுடையது. கிழவி கையாலேயே கிடைத்திருக்கும்.

சிவசாமி சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். மீனம்மா மகளைப் பார்க்கவில்லை. குழந்தையின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப... இனிமே அது யாருக்கு மாப்ள?"

அருளப்பன் மெழுகுதிரியைக் குடிலுக்குக் கிட்டத்தில் நகர்த்தினான்.

"பாலன வெய்யி, பூரணி," என்றான் அருளப்பன். "வழக்கம் வழக்கந்தான். பூசைக்கு நேரமாச்சு."

பூரணி பாலனைத் தொட்டியில் வைத்தாள். சங்கிலி புல்லில் உரசிச் சின்னச் சத்தம் போட்டது.

வெளியே ஜீப்பிலிருந்து ஒருவன் மெல்ல இறங்கினான். செல்லசாமி. ஒரு பக்கக் கன்னம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. அவன் காலி செய்த இடத்தில் பூரணியை ஏற்றினார்கள். சீட்டில் சூடு இன்னும் ஆறவில்லை.

கொடிகார புறப்படும் முன் குடிலுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு அருளப்பனின் தோளைத் தட்டினார்.

"கணக்கப்பிள்ள, இன்னைக்குத்தான் பொறந்தவரு. வாயில ஒரு பல்லு இல்ல. செல்லசாமிக்கு மூணு பல்லு கழட்டியும் வராத உண்மைய எப்படிச் சொல்லிட்டாரு பாத்தீங்களா?"