கதவிடுக்கில் ஒரு ஷூ

"புதுக் கோச் யாருன்னு தெரியுமா? ஒரு பொண்ணை ஸ்டோர் ரூம்ல வெச்சுப் பூட்டினவராம்! ரெண்டு மணி நேரம்!"

ரேடியோ சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வாலிபால் அணித் தலைவிக்கு நாங்கள் வைத்த பெயர்தான் ரேடியோ. எந்தச் செய்தியும் முதலில் அவள் வாயில்தான் வரும்.

"உனக்கு யாருடி சொன்னாங்க?"

"எங்க அத்தை பொண்ணு. அவரோட பழைய ஸ்கூல்லதான் படிக்கிறா. நேத்து நீ வர்றதுக்கு முன்னாடியே இவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

நேற்று நான் பல் டாக்டரிடம் போய்விட்டுத் தாமதமாக வந்தேன். எனக்குப் புதுக் கோச்சைப் பிடித்திருந்தது. நான் சர்வீஸ் போட்டபோது பேசாமல் உற்றுப் பார்த்தார். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். பந்து எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனவர், ஒரு ஷூவைக் கழற்றிக் கதவிடுக்கில் வைத்துவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே போனார். நான் சிரித்தேவிட்டேன்.

இன்றும் அதே ஆள், அதே பார்வை. ஆனால் எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் அடித்த பந்து மூன்று முறை வலையில் விழுந்தது.

"பாத்தியா, எப்படி முறைக்கிறாரு! நாளையிலிருந்து நாங்க யாரும் வரமாட்டோம்" என்றாள் ரேடியோ.

எனக்குப் பகீரென்றது. சனிக்கிழமை மேட்ச். நான் ஆடப்போகும் முதல் மேட்ச்! ஆறு பேர் இல்லாவிட்டால் அணியே கிடையாது.

"நேத்தும் இப்படித்தானே பாத்தாரு? எனக்குப் பயமே வரலையே!"

"நேத்து உனக்கு விஷயம் தெரியாதுல்ல?"

அதுதானே! அவர் மாறவே இல்லை. என் காதில் ஒரு செய்தி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நேராக அவரிடம் போனேன். மற்ற ஐந்து பேரும் பின்னாலேயே வந்தார்கள்.

"சார், நீங்க ஒரு பொண்ணை ஸ்டோர் ரூம்ல பூட்டி வெச்சீங்களா?"

அவர் கையிலிருந்த பந்து நழுவி உருண்டோடியது. முகம் வெளுத்துப்போனது.

"நானா? ஐயோ பாப்பா, உள்ள மாட்டிக்கிட்டதே நான்தாம்மா!"

ஆறு பேரும் வாயைப் பிளந்தோம்.

"உள்ள வலை தேடிட்டு இருந்தேன். ஒரு பொண்ணு கவனிக்காம தாழ்ப்பாளைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுச்சு. வாட்ச்மேன் வந்து திறக்கறதுக்குள்ள கத்திக் கத்தித் தொண்டையே கட்டிப்போச்சு. இப்பவும் கதவு மூடினா எனக்கு உதறும். அதான் ஷூவை வெக்கிறேன்."

"அப்போ ஏன் சார் எங்களை முறைக்கிறீங்க?" என்றாள் ரேடியோ.

"முறைக்கிறேனா? கண்ணாடி உடைஞ்சுபோச்சும்மா. ரெண்டு நாளா பந்து எங்க போகுதுன்னே தெரியல!"

எனக்கு இரண்டாவது அதிர்ச்சி. அப்படியானால் நான் பார்த்த அக்கறை? அதுவும் நானாகக் கட்டிய கதைதான்!

வாழ்நாளில் முதல் முறையாக ரேடியோவின் குரல் இறங்கியது. "அத்தை பொண்ணு கொஞ்சம் மாத்திச் சொல்லிட்டா போல சார்" என்றாள்.

"சரி, ஸ்டோர் ரூம்ல இருந்து இன்னும் ரெண்டு பந்து எடுத்துட்டு வரேன்" என்று அவர் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார்.

"கழட்டாதீங்க சார். கதவை நாங்க பிடிச்சுக்கறோம்" என்றேன்.

ரேடியோதான் முதலில் ஓடினாள். ஒற்றைக் கதவை ஆறு பேர் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் இரண்டு ஷூவோடும் நிமிர்ந்து உள்ளே நடந்தார்.