கிளாம்பில் மாட்டிய சுருட்டைமுடி

"அக்கா! அம்மாகிட்ட சொல்லாம இங்கே வாயேன்!"

குரல் அப்பாவின் நாற்காலிப் பட்டறையிலிருந்து வந்தது. எட்டிப் பார்த்த அக்கா வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டாள்.

தங்கை குட்டி, வேலை மேசையோரம் குனிந்து நின்றாள். ஈரம் சொட்டும் அவளுடைய சுருட்டைமுடி இரண்டு பலகைகளுக்கு நடுவில் இருந்தது. பலகைகளை ஓர் இரும்புக் கிளாம்ப் இறுக்கிக் கவ்வியிருந்தது. வளைந்த பலகையை அப்பா இப்படித்தான் நனைத்து, இறுக்கி, நிமிர்த்துவார்.

"அடிப்பாவி! என்ன வேலைடி இது?"

"முடியை நிமிர்த்துறேன். கழுத்துதான் வலிக்குது."

அக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கிளாம்பைத் தளர்த்தி, தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு ஓடியே போய்விட்டது. குட்டியின் கண்கள் சிவந்திருந்தன.

"அம்மாவுக்கு நேர்முடி. உனக்கும் நேர்முடி. நான் மட்டும்தான் இப்படி. நான் இந்த வீட்டுப் பொண்ணே இல்லையாம். எங்கிருந்தோ தூக்கிட்டு வந்தீங்களாம். பக்கத்து பெஞ்ச் பல்லன் சொல்றான்."

"அவன் கிடக்கான்! உன் முடியைப் பாருடி, என்னா அழகு!"

சும்மா சொல்லவில்லை. துண்டால் துவட்டத் துவட்ட, ஒவ்வொரு சுருளாகத் துள்ளி எழுந்ததை அக்கா ஆசையோடு பார்த்தாள். அவளுடைய முடியோ பின்னிய அரை மணியில் வழுக்கி அவிழ்ந்துவிடும்.

"எங்க அறிவியல் டீச்சர் சொன்னாங்க. ஒவ்வொரு முடிக்கும் தோலுக்குள்ளே ஒரு குட்டிக் குழி இருக்கு. குழி நேரா இருந்தா முடி நேரா வரும். குழி வளைஞ்சிருந்தா முடியும் வளைஞ்சே வரும்."

"அப்போ பலகையில இறுக்கினா?"

"பலகை முடியைத்தானே அமுக்கும்? குழி அப்படியே இருக்குமே! புது முடி சுருண்டுதான் முளைக்கும்."

குட்டி தன் மண்டையைத் தடவிப் பார்த்தாள். "இத்தனை குழியும் எனக்கு யார்கிட்டேயிருந்து வந்துது?"

இருவரும் அம்மாவிடம் ஓடினார்கள். சோபா உறை தைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே, "உங்கப்பாகிட்டேயிருந்துதான். அவருக்கு அப்படி ஒரு சுருட்டை" என்றாள்.

குட்டி நம்புவாளா? அப்பாவின் உச்சந்தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது. காதோரம் இருப்பதையும் ஞாயிறுதோறும் மெஷின் வைத்து வழித்துவிடுவார். கல்யாணப் போட்டோவிலேயே வழுக்கைதான்!

"என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றீங்க" என்று குட்டி மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.

அக்கா யோசித்தாள். நேராக அப்பாவிடம் போனாள்.

"அப்பா, கொஞ்ச நாள் மெஷினைத் தொடாதீங்க."

"ஐயையோ! காதோரம் மட்டும் முளைச்சா கோமாளி மாதிரி இருப்பேனே! பட்டறைக்கு வர்றவங்க சிரிப்பாங்கடி."

"குட்டி அழறாப்பா. இந்த வீட்டுப் பொண்ணு இல்லைன்னு நினைக்கிறா."

அப்பா சட்டென்று எழுந்தார். மெஷினை எடுத்துப் பரணில் போட்டார்.

குட்டி தினமும் ஸ்டூல் போட்டு ஏறி அப்பாவின் காதோரத்தைச் சோதித்தாள். முதலில் முடி குச்சி குச்சியாக நின்றது. அவள் முகம் வாடிப்போனது. வந்தவர்கள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

பல வாரங்கள் கழிந்தன. ஒருநாள் காலையில் ஸ்டூலிலிருந்து ஓர் அலறல்.

"அக்கா! வளையுது! வளையுது!"

குட்டி ஒரு முடியை இழுத்து விட்டாள். அது துள்ளிச் சுருண்டது. தன் முடியை இழுத்து விட்டாள். அதுவும் அப்படியே சுருண்டது. அவ்வளவுதான், அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். அக்காவுக்கும் கண் கலங்கிவிட்டது.

அன்று அப்பாதான் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். வாசலில் நின்ற பல்லன் அப்பாவின் காதோரச் சுருளையும் குட்டியின் தலையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இழுத்துப் பாருடா, தம்பி!" என்று அப்பா குனிந்தார்.

பல்லன் பயந்து பயந்து இழுத்துவிட்டு, "அட, ஸ்பிரிங்!" என்று கத்தினான். அடுத்து அவன் வகுப்பே வரிசையில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பரணைத் துழாவினார். "என் மெஷின் எங்கேம்மா?"

யாருக்கும் தெரியவில்லை. குட்டி மட்டும் தன் புத்தகப் பையின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.